ஏப்ரல் ஒன்பது வரை செல்லும்

ஜனவரி 14, திங்கள்

மழை. நேற்றும் மழை. நாளைக்கும் மழைதான் என்கிறான் ரேடியோக்காரன், அதில் அவனுக்கு என்ன சந்தோஷமோ.

ஏழே முக்காலுக்கு எட்னா வீடு. முதியவர்களை அவரவர் வீட்டில் போய்க் கவனிக்கும் என் வேலையில் அவள்தான் முதல் வீடு. எண்பத்தாறு வயது, இடுப்பெலும்பு ஒட்டுப் போட்டது, ஊருக்கு ஏழு கிலோமீட்டர் வெளியே சதுப்புக்காட்டோரம் தனிவாசம். எழுப்பி, கழுவி, உடுத்திவிடுவதற்குள் உள்ளூர் ரேடியோவில் மரண அறிவிப்பு ஆரம்பித்துவிடும். அது முடியும்வரை நான் வாயைத் திறக்கக் கூடாது. முடிந்ததும் தினமும் ஒரே வசனம்: "இன்னைக்கு நமக்குத் தெரிஞ்சவங்க யாருமில்ல. சரி, கஞ்சியக் கொண்டா."

அவசரத்துக்கு அழுத்தும் பொத்தானைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது திருஇருதயப் படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. இன்றும் கேட்டேன். "நான் என்ன மாடாடி, கழுத்துல மணி கட்டிக்க?"

சாயங்காலமும் போய்ப் படுக்க வைத்துவிட்டு வந்தேன். இது ஏஜென்சிக்குத் தெரியாது. காலையில் முக்கால் மணி நேரம் மட்டுமே அவளுக்கு அனுமதி. சாயங்காலம் நானாகப் போவது. கார் இருக்கிறது, ஒன்பது நிமிடம், என்ன குறைந்துவிடப் போகிறது? போகாவிட்டால் அந்தப் பிடிவாதக்காரி தானே எழுந்து கட்டிலுக்கு நடக்கப் பார்ப்பாள்.

வீட்டில் மாலக்கிக்கு இருமல் விடவில்லை. கணப்பில் எரிக்க எட்னாவுக்குப் பின்சீட்டில் ஏற்றிப்போன சதுப்பு மண்கட்டியின் தூசியைப் பார்த்துவிட்டு, "இது காரா, மண்வண்டியா?" என்று கத்தினார். கார் அவருடையது. ஞாயிறு கோவிலுக்கு அவர் ஓட்டுவார், மற்ற ஆறு நாளும் நான். பத்தொன்பது வருடமாக இப்படித்தான்.

ஜனவரி 17, வியாழன்

மாலக்கி போய்விட்டார். காலை பத்தேகால். முற்றத்தில், கணப்புக்கு மண்கட்டி எடுத்துவரப் போனவர். கூடை கவிழ்ந்து கிடந்தது.

ஜனவரி 21, திங்கள்

மூன்று நாளில் இருநூறு பேர் வந்திருப்பார்கள். அத்தனை கையையும் குலுக்கினேன். சாண்ட்விச் மிஞ்சி இன்னும் மூன்று தட்டு இருக்கிறது. வந்தவர்களில் பாதிப்பேர் முதலில் ஃபின்டனிடம் போய்த் துக்கம் சொன்னார்கள், பிறகுதான் என்னிடம். முறைப்படி சரிதான். அவன் மாலக்கியின் மகன். நான்—நான் என்ன?

மாலக்கியைப் புதைத்தது அவர் மனைவி குழியில். ஃபின்டனின் அம்மா. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் இறந்தவள். கல்லில் அவள் பேருக்குக் கீழே அப்போதே இடம் விட்டு வைத்திருந்தார்கள். நாங்கள் கல்யாணம் செய்துகொள்ள எந்தத் தடையும் இல்லை, "பையன் மனசு ஆறட்டும்" என்பார் மாலக்கி. பையனுக்கு நாற்பத்தொன்று ஆகிவிட்டது.

உயிலில் எல்லாம் அவனுக்கு. அதில் எனக்கு வருத்தமில்லை. வீடு என் அப்பா கட்டியது. மாலக்கிக்கு என்று இருந்தது கொஞ்சம் பணமும் காரும்தான்.

ஜனவரி 28, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். காரில் ஏறியதும் அவர் தொப்பி. அதைப் பக்கத்துச் சீட்டிலேயே விட்டுவிட்டேன்.

காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் இன்சூரன்ஸ் சீட்டைப் பார்த்தேன். ஏப்ரல் ஒன்பது வரை செல்லும். அவரே ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்து, கோணாமல் ஒட்டியது. பாலிசி அவர் பெயரில். "இவரும் ஓட்டலாம்" என்று என் பெயர் அதில் ஒரு வரி. நல்லவேளை, இந்த ஒரு தொல்லையாவது ஏப்ரல் வரை இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எட்னா கட்டிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, "ரேடியோவுல, மாலக்கிய இழந்து வாடுறவங்கன்னு உன் பேரையும் சொன்னானுங்க. கடைசியா. நாய்க்கு முன்னாடி" என்றாள். பத்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தேன்.

பிப்ரவரி 6, புதன்

எட்னாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போய் வந்தேன். போகவர எண்பது கிலோமீட்டர், வழியெல்லாம் ஆலங்கட்டி. "மாலக்கியவிட நீ நல்லா ஓட்டுற, அவன் ஓட்டுனா எனக்கு ஜெபமாலை வேணும்" என்றாள்.

பிப்ரவரி 17, ஞாயிறு

மாலக்கிக்கு ஒரு மாத நினைவுத் திருப்பலி. ஃபின்டன் டப்ளினிலிருந்து வந்தான். கோவில் வாசலில் காரைப் பற்றி நானே கேட்டேன். "நீங்களே ஓட்டுங்க. எனக்கு எதுக்கு அது" என்றான். பெருந்தன்மைதான். என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் மாதம் பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லி மாலக்கி பேருக்குக் கடிதம் வரும். அந்த உறையை என்னால் பார்க்க முடியாது. நாளைக்கே போன் பண்ணி என் பேருக்கு மாற்றிவிட வேண்டும்.

பிப்ரவரி 18, திங்கள்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

டவுனில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஆபீஸுக்குப் போன் செய்தேன். கிரானியா என்ற பெண். நல்ல பெண். முதலில் "உங்களுக்கு ஏற்பட்ட இழப்புக்கு ரொம்ப வருத்தம்மா" என்றாள். பிறகு தேதி கேட்டாள். சொன்னேன். கொஞ்ச நேரம் டக்டக்கென்று தட்டும் சத்தம்.

"நோரீன், அதுக்கப்புறம் நீங்க காரை எடுத்தீங்களா?"

"தினமும்தான்மா. ஏப்ரல் வரைக்கும் இருக்கே."

"இல்லம்மா. பாலிசி அவரோடது. அவர் போன அன்னைக்கே அதுவும் போயிடுச்சு."

கண்ணாடியில் சீட்டு இருக்கிறதே என்றேன். அது வெறும் காகிதம் என்று சொல்ல அவளுக்கு மனமில்லை. ஆனால் அதைத்தான் சொன்னாள், சுற்றிவளைத்து.

"உங்களுக்கும் அவருக்கும் கல்யாணம் ஆயிருந்துச்சா?"

"இல்ல."

"ஆயிருந்தா இந்த ஒரே போன்ல மாத்திக் குடுத்திருப்பேன்." அவள் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. அதுதான் என்னை அழவைத்தது.

ஆக நிலைமை இது. கார் என்னுடையது இல்லை. உயில் வேலை கோர்ட்டில் முடிய மாதக்கணக்காகும், அதுவரை என் பேருக்கு மாறவும் மாறாது. சொந்தமில்லாத காருக்கு எந்தக் கம்பெனியும் இன்சூரன்ஸ் தர யோசிக்கும். பத்தொன்பது வருடம் ஒரு கீறல் விழாமல் ஓட்டிய பெயரும் மாலக்கியோடு போயிற்று. காகிதத்தில் நான் நேற்றுத்தான் கார் ஓட்டப் பழகிய ஆள். ஒரே ஒரு கம்பெனி தரும் என்றாள், உயிலை நிறைவேற்றும் பொறுப்புள்ளவர், அதாவது ஃபின்டன், "இவர் இந்தக் காரை ஓட்ட என் சம்மதம்" என்று படிவத்தில் நிரப்பிக் கையெழுத்துப் போட்டால்.

"போட்டுருவாரில்ல?"

"போடுவான்" என்றேன்.

சாவியை ஆணியில் மாட்டினேன். மூன்று வாரம்! எட்னாவை உட்காரவைத்து எண்பது கிலோமீட்டர்! ஒரு பிள்ளை குறுக்கே ஓடி வந்திருந்தால்? அட கடவுளே.

பிப்ரவரி 19, செவ்வாய்

பக்கத்துப் பண்ணை ஃபிரான்சிதான் காலையில் எட்னா வீட்டில் இறக்கிவிட்டான். விஷயத்தைச் சொன்னதும் வேனை நிறுத்தியேவிட்டான்.

"ஏம்மா நோரீன், உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டு இப்பக் குடையுதுன்னா? ஏப்ரல் வரைக்கும் எந்தப் போலீஸ்காரன் கேக்கப் போறான்? அவன் பாக்குறது கண்ணாடியில ஒட்டின தேதிய மட்டும்தான்!"

"எனக்குத் தெரியாதே ஃபிரான்சி, தெரியாமதான் போன் பண்ணேன்."

"இப்பத்தான் தெரியுமில்ல? பேசாம எடுத்து ஓட்டு. ஊர்ல யாரு வாயத் திறக்கப் போறா?"

யாரும் திறக்க மாட்டார்கள். அது எனக்கும் தெரியும். அதுதான் பயமே.

படிவம் ஃபின்டனுக்குத் தபாலில் போயிற்று.

பிப்ரவரி 22, வெள்ளி

ஊருக்குள் இருக்கும் மற்ற மூன்று வீட்டுக்கும் நடந்தே போகலாம். எட்னாவைக் கார் உள்ள வேறு பெண்ணுக்கு மாற்றட்டுமா என்று ஏஜென்சியில் கேட்டார்கள். அந்தப் பெண் பன்னிரண்டு மணிக்குத்தான் வர முடியுமாம். அதுவரை கிழவி படுக்கையிலேயே கிடக்க வேண்டுமா? காலைக்கு ஃபிரான்சி இருக்கிறான், சமாளிப்பேன் என்றேன்.

சாயங்காலம்தான் சிக்கல். அந்த நேரம் அவன் மாட்டுக்கொட்டகையில். சாயங்கால விஷயத்தை ஏஜென்சியிடம் சொல்லவும் முடியாது.

எட்னாவிடம் சொன்னேன். "நீ பொறக்குறதுக்கு முன்னாடியே நான் தனியாத்தான்டி படுத்தேன், தனியாத்தான் எந்திரிச்சேன். போ."

ஆறு மணிக்குப் போன் பண்ணுவேன், காலைவரை நாற்காலியிலேயே இருங்கள், ஃபிளாஸ்கில் டீ, மடியில் கம்பளி, எழுந்திருக்கவே கூடாது என்று சத்தியம் வாங்கினேன். பொத்தானைக் கழுத்தில் மாட்டிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 23, சனி

பொத்தான் ஆணியில் தொங்கியது.

பிப்ரவரி 27, புதன்

ஃபின்டனுக்குப் போன். "பாக்குறேன் நோரீன், ஆபீஸ்ல வேலை நெட்டி முறியுது."

மார்ச் 4, திங்கள்

மறுபடி போன். இந்தத் தடவை விடாமல் கேட்டேன். என்னப்பா அதில் அவ்வளவு கஷ்டம்?

படிவத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு: "அதுல ஒரு கட்டம் இருக்கு. 'ஓட்டுபவருக்கும் உரிமையாளருக்கும் என்ன உறவு'ன்னு. அதுல என்ன எழுதறதுன்னு தெரியல."

எனக்குச் சுருக்கென்றது. "உனக்கு என்ன தோணுதோ எழுதுப்பா."

"அதான் தோண மாட்டேங்குது."

பத்தொன்பது வருடம். கிறிஸ்துமஸுக்கு வருவான், நான் சமைத்ததைச் சாப்பிடுவான், நன்றி சொல்வான், போவான். மாலக்கிக்கு மருந்து எடுத்துக் கொடுத்தது, அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடித் தேடி என் முட்டி தேய்ந்தது, இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் எழுதுவது? கோபத்தில் போனை வைத்துவிட்டேன். வைத்திருக்கக் கூடாது. காரியம் எனக்கு ஆக வேண்டும், கோபம் எதற்கு? ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

மார்ச் 7, வியாழன்

இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 8, வெள்ளி

எட்னாவின் முழங்கையில் நீலம் பாய்ந்திருக்கிறது. "கதவு இடிச்சுது" என்கிறாள். எந்தக் கதவு? எதற்கு எழுந்தீர்கள்? என்னை வாயை மூடச் சொன்னாள், மரண அறிவிப்பு ஆரம்பித்துவிட்டதாம்.

மார்ச் 11, திங்கள்

பேய்க்காற்று. ஆறு மணிக்குப் போன் பண்ணியபோது எட்னாவின் குரல் ஒரு மாதிரி இருந்தது. "கணப்பு அணைஞ்சிருச்சு. பரவால்ல, கட்டில்ல போயிப் படுத்துக்கிறேன்" என்றாள்.

"எந்திரிக்காதீங்க!"

"குளுருதுடி."

"பொத்தான் எங்க?"

"இருக்கு, இருக்கு."

ஃபிரான்சிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை, பால் கறக்கும் நேரம். ஓடிப்போய்ப் பார்த்தேன், கொட்டகையில் ஒரு பசு கன்று போட முடியாமல் கிடக்கிறது, இவன் கை முழங்கை வரை உள்ளே. "ஒரு மணி நேரம் ஆகும்மா" என்றான். அவனை என்ன சொல்ல?

வீட்டுக்கு வந்து சாவியை எடுத்தேன். காரில் உட்கார்ந்தேன். என்ஜினைப் போட்டேன். கண்ணாடியில் சீட்டு, ஏப்ரல் ஒன்பது, கோணாமல். போ நோரீன், ஒன்பது நிமிடம். யார் கேட்கப் போகிறார்கள்?

வெளிச்சம் மங்கும் நேரம், பள்ளிக்கூடத்து மைதானத்தில் பிள்ளைகளின் பந்தாட்டப் பயிற்சி முடிந்திருந்தது. நாலைந்து பேர் சைக்கிளில், விளக்கில்லாமல், காற்றில் தள்ளாடித் தள்ளாடி என் வாசலைக் கடந்து போனார்கள். அதில் ஒன்றை நான் இடித்தால்? போன மாதம் தெரியாமல் செய்தேன். இப்போது தெரியும். தெரிந்து செய்தால் அந்தப் பிள்ளையின் தாய் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

அணைத்துவிட்டேன். திரும்ப எட்னாவுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சத்தத்தைக் குறைத்துவிட்டுப் படுத்திருப்பாள். அவள் எப்போதும் செய்வதுதான், இனி ஃபிரான்சியை அனுப்பி எழுப்பவும் வேண்டாம்.

சரியானதைச் செய்தேன் என்று ஒரு நிம்மதி. இத்தனை நாளில் முதல் தடவையாக என்மேல் எனக்கே கொஞ்சம் மரியாதை. டீ போட்டுக் குடித்தேன்.

மார்ச் 12, செவ்வாய்

சமையலறைத் தரையில் கிடந்தாள். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து. பதின்மூன்று மணி நேரம். போன் மணி அடித்ததெல்லாம் கேட்டதாம்.

போன் மணி அடிச்சது கேட்டுச்சுன்னு சொல்றா. நான் போன வச்சுட்டு டீ போட்டுக் குடிச்சேன்.

மார்ச் 14, வியாழன்

ஆஸ்பத்திரி. பழைய இடத்திலேயே இடுப்பு முறிந்திருக்கிறது. குளிரில் கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. ஆபரேஷன் தாங்காது என்கிறார்கள். ஃபிரான்சி கூட்டிப்போனான். வழியெல்லாம் ரோட்டையே பார்த்து ஓட்டினான். தன் பசுவைப் பற்றி நினைக்கிறான் என்று எனக்குத் தெரியும். கன்று பிழைத்துக்கொண்டது.

எட்னா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "சீட்டு வந்துருச்சா?"

"இன்னும் இல்ல."

"அவசரமில்ல" என்றாள்.

வீட்டுக்கு வந்தால் கிரானியாவின் போன். ஃபின்டனின் படிவம் இன்று காலைத் தபாலில் வந்துவிட்டதாம், கையெழுத்தெல்லாம் சரியாக இருக்கிறதாம், வரும் வாரம் சீட்டு வந்துவிடுமாம்.

"உறவுங்கற கட்டத்துல என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம்.

தயங்கினாள். "'குடும்பத்துக்குத் தெரிந்தவர்'னு இருக்கும்மா. கம்பெனிக்கு அது போதும்."

கம்பெனிக்குப் போதும்.

இந்த இரண்டு சொல்லை யோசிக்க அவனுக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது. இன்று அவனை வெறுக்கிறேன். ஆனால் அவனை மட்டும் வெறுத்தால் பொய். மாலக்கி, உங்களையும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாமியார் முன்னால், அரை மணி நேர வேலை. பையன் மனசு ஆறட்டும், ஆறட்டும் என்று... ஆறிற்றா? நானும்தான் ஏன் கேட்காமல் இருந்தேன்? கேட்டால் கௌரவம் குறைந்துவிடுமா?

மார்ச் 16, சனி

டாக்டரைக் கேட்டேன். அன்று சாயங்காலமே யாராவது போயிருந்தால்? விழுந்தது விழுந்ததுதான், அந்த வயதில் யாராலும் சொல்ல முடியாது என்றார். சின்னப் பையன், அன்பாகத்தான் சொன்னான். ஆனால் நான் போயிருந்தால் அவள் விழுந்தே இருக்க மாட்டாள், டாக்டர். அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

எட்னா. காலை ஆறு மணிக்கு.

மார்ச் 21, வியாழன்

அடக்கம். ஃபிரான்சியின் வேனில்தான் போனேன். எட்னாவின் அண்ணன் மகன் கோல்வேயிலிருந்து வந்திருந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதான் எல்லாம் பாத்துக்கிட்டீங்கன்னு அத்தை சொல்வாங்க" என்றான். கையை உருவிக்கொள்ளத் தோன்றியது. சாயங்கால விஷயம் அவனுக்குத் தெரியாது. ஏஜென்சிக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை நிறுத்தியதற்கு யார் என்னைக் கேட்பார்கள்? ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். இனி எப்போதும்.

கோவில் வாசலில் ஃபிரான்சி தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். "அன்னைக்கு நீ எடுத்துருக்கணும் நோரீன்" என்றான். உடனே, "நான் பசுவ விட்டுட்டு வந்துருக்கணும்" என்றான்.

வீட்டில் கதவுக்குள்ளே உறை கிடந்தது. என் பெயருக்கு வந்த முதல் இன்சூரன்ஸ் சீட்டு. பிரிக்காமல் மேசையில் வைத்தேன்.

மார்ச் 25, திங்கள்

ஏழு மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. இன்றைக்கு முதல் வீடு ஒன்பதரைக்குத்தான்.

ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்தேன். பழைய சீட்டு லேசில் வரவில்லை, நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. புதியது கொஞ்சம் கோணலாகத்தான் ஒட்டியிருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

காரை எடுத்தேன். சதுப்புக்காட்டு வழியில் ஒரு போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார். குனிந்து கண்ணாடியைப் பார்த்தார், "எல்லாம் சரியா இருக்கும்மா, போங்க" என்றார்.

ஏழே முக்காலுக்கு எட்னா வீடு. வாசல் கேட்டை அண்ணன் மகன் நீலக் கயிற்றால் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். வழக்கமாகத் திருப்பும் இடத்தில் காரைத் திருப்பி நிறுத்தினேன். ரேடியோவில் மரண அறிவிப்பு ஆரம்பித்தது. என்ஜினை அணைத்துவிட்டு, வாயைத் திறக்காமல், கடைசிவரை கேட்டேன்.

இன்றைக்கு நமக்குத் தெரிந்தவர்கள் யாருமில்லை.